வெள்ளி மாலை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்: கிழக்கு லண்டன் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் வணக்கம்.

கலைவிழாவுக்கு ஒரு பெடியன் பெயர் கொடுத்தான். வயது பதினைந்து. கிரைம் (grime) என்ற லண்டன் ராப் இசைப் பாணியில் தானே எழுதிய பாட்டு, மூன்று நிமிடம். நிர்வாகம் மறுத்துவிட்டது. மறுத்ததோடு நிற்காமல், இந்தக் காடைத்தனப் பாட்டுகளைப் பிள்ளைகள் கேட்காமல் பார்த்துக்கொள்ளும்படி பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தலும் போட்டது. தமிழில் எழுதும்போது குற்றத்தைக் குறிக்கும் கிரைமும் இந்த இசையின் பெயரும் ஒன்றாகவே விழுவதால், பாதிப்பேர் இது குற்றவாளிகளின் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். பெருவிரல் குறிகள் வரிசையாக வந்து விழுந்தன. எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. நம் பள்ளிகளில் பெரும்பாலானவை இதே முடிவைத்தான் எடுத்திருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அவன் எழுதியதை வாங்கிப் படித்தேன். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை முடிந்து வரும் தாய், பிள்ளைகள் எழும்பிவிடக்கூடாது என்று வாசலுக்கு வெளியிலேயே சப்பாத்தைக் கழற்றுகிறாள். லிப்ட் பழுது. ஏழாம் மாடிக்குப் படியேறி வந்த மூச்சு கதவுக்கு வெளியே கேட்கிறது. பள்ளிக்கூடம் போகும் வழியில் அவனுடைய பையைப் பொலிஸ் திறந்து பார்க்கிறது. உள்ளே இருப்பது வேதியியல் புத்தகம். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. இதைத்தான் "நம் கலாசாரம் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

சரி, இந்த இசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறுங்கள். அப்டன் பார்க், பிளேஸ்டோ, வெஸ்ட் ஹாம், புரோம்லி-பை-போ, அடுத்தது போ ரோடு. இந்த ஐந்து தரிப்புகளையும் அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களையும் கிரைமின் பிறந்த ஊர் என்று சொன்னால் தப்பில்லை. இதன் பெயர்பெற்ற பாடகர்களில் கேனோ ஈஸ்ட் ஹாம் பிள்ளை. கெட்ஸ் பிளேஸ்டோ. டி டபிள் ஈ பாரஸ்ட் கேட் பக்கம். வைலியும் டிஸ்ஸி ராஸ்கலும் போ பகுதி. முருகன் கோயில் தேர் பார்க்க நாம் கூடும் இடத்திலிருந்து நடந்தும் பஸ்ஸிலும் போய்விடக்கூடிய தூரம்தான் எல்லாம்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. அப்போது லண்டன் கிளப்புகளில் ஓடியது கராஜ் இசை. நல்ல சட்டை, நல்ல சப்பாத்து, ஷாம்பெயின் போத்தல் என்று அதற்கொரு தோரணை இருந்தது. ஸ்னீக்கர் போட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கவுன்சில் வீட்டுப் பதினாறு வயதுக்காரனுக்கு வயதும் இல்லை, சப்பாத்தும் இல்லை, காசும் இல்லை. கையில் இருந்தது ப்ரூட்டி லூப்ஸ் மென்பொருளின் ஒரு நகல். அதுவும் இல்லாதவனிடம் பிளேஸ்டேஷனில் போட்டு மெட்டமைக்கும் மியூசிக் 2000 என்ற விளையாட்டுத் தட்டு. அதில் செய்ததால்தான் பழைய வீடியோ கேம் போன்ற அந்த வெட்டு வெட்டான ஒலி. நிமிடத்துக்கு 140 அடி வேகம். அடியில் ஒரு முரட்டு பேஸ், நடுவில் வெறுமை. அந்த வெறுமையில்தான் சொற்கள் ஓடவேண்டும். வைலி 2002இல் வெளியிட்ட ஒரு மெட்டுக்கு எஸ்கிமோ என்று பெயர் வைத்தார். பிறகு பனி, இக்லூ என்று அதே குளிர்ப் பெயர்களாக வைத்துக்கொண்டே போனார். உள்ளுக்குள் அத்தனை குளிராக இருந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெயர் அச்சிடாத வெள்ளை உறைத் தட்டுகளாக அவற்றை அடித்து, கார் டிக்கியில் போட்டு, ரோமன் ரோட்டில் இருந்த ரிதம் டிவிஷன் போன்ற கடைகளுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். கம்பெனி இல்லை, ஏஜென்ட் இல்லை.

வானொலிதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அனுமதி இல்லாத திருட்டு வானொலிகள். உயரமான கவுன்சில் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் ஏரியலைக் கட்டுவார்கள். ஸ்டூடியோ அங்கே இருக்காது. வேறொரு கட்டடத்தில், யாரோ ஒருவருடைய வெற்று அறையில் இருக்கும். அதிகாரிகள் வந்து ஏரியலைக் கழற்றிக்கொண்டு போனாலும் ஸ்டூடியோ தப்பவேண்டும் என்பதற்கு இந்த ஏற்பாடு. உள்ளே இரண்டு தட்டுச் சுழலிகள், ஒரு மிக்ஸர், ஒரு மைக். அந்த ஒரு மைக்குக்கு ஏழெட்டுப் பேர். ஒருவன் எட்டு பாரோ பதினாறு பாரோ (தாளச் சுற்றுகள்) பாடிவிட்டு அடுத்தவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட வேண்டும். தாளம் நிற்காது. சொல் தடுக்கினால் அந்த இடத்திலேயே மானம் போகும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் பிடித்திருந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? ஸ்டூடியோ கைபேசிக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். ஊருக்கு மிஸ்டு கால் கொடுத்தே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கைபேசி விடாமல் மின்னினால் டிஜே தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து ஓடவிடுவார். ரீலோட் என்பார்கள். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டக்காரர்களிடமிருந்து, அதாவது அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாத்தா தலைமுறையிடமிருந்து வந்த வழக்கம். 1994இல் இப்படித் திருட்டுத்தனமாகத் தொடங்கிய ரின்ஸ் எப்எம்முக்கு 2010இல் முறையான அனுமதியே கிடைத்தது.

அப்புறம், மோதல். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பாட்டால் கிழிப்பது. லேட்டன்ஸ்டோனில் ஜாமர் என்பவருடைய பெற்றோர் வீட்டு நிலவறையில் வைத்து எடுத்த லார்ட் ஆஃப் த மைக்ஸ் என்ற டிவிடி 2004இல் வந்தது. அதில் கேனோவும் வைலியும் மோதுவதை இன்றைக்கும் பிள்ளைகள் யூடியூப்பில் பார்க்கிறார்கள். கேட்கிற நமக்குத்தான் சண்டை பிடிக்கிறார்கள் என்று தோன்றும். "வசை பாடக் காளமேகம்" என்று நம் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். எதிரில் நிற்பவனை அந்த இடத்திலேயே யாப்புப் பிசகாமல் திட்டுவது புலமை என்றால், இதற்கு மட்டும் ஏன் வேறு பெயர்?

இந்தப் பாட்டுகளில் அப்படி என்ன சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். டிஸ்ஸி ராஸ்கலின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். பாய் இன் த கார்னர், 2003. கானாவிலிருந்து வந்த தாய் தனியாக வளர்த்த பிள்ளை. பள்ளிக்கூடங்கள் வெளியேற்றியவர். கடைசியில் பொப்லரில் லாங்டன் பார்க் பள்ளியில், மற்ற வகுப்புகளில் இடமில்லாமல் போனபோதும் இசை வகுப்புக் கதவு மட்டும் திறந்திருந்தது. அங்கே இருந்த கணினியில்தான் மெட்டுப் போடக் கற்றுக்கொண்டார். ஆல்பத்தின் முதல் பாட்டில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கிறான். நண்பர்கள் மாறிப்போனார்கள், நேற்றுவரை விளையாட்டாக இருந்தது இன்று விளையாட்டில்லை. பதினெட்டு வயதிலேயே இழந்துபோன சின்ன வயதை நினைத்து ஏங்குகிறான். வீரம் பேசும் பாட்டும் அதில் உண்டு, ஆனால் பயம்தான் கூடுதலாகக் கேட்கிறது. ஆல்பம் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் சைப்பிரஸில் அயியா நாபா என்ற இடத்தில் அவரையே கத்தியால் குத்தினார்கள். அந்த செப்டம்பரில் ரேடியோஹெட், கோல்ட்பிளே போன்ற பெரிய குழுக்கள் இருந்த பட்டியலில் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு அவருக்குப் போனது. அப்போதும் வயது பதினெட்டுதான்.

போ பகுதியின் உயர்ந்த கட்டடங்களிலிருந்து தெற்கே பார்த்தால் கேனரி வார்ஃப் தெரியும். 235 மீட்டர் உயரத்தில், உச்சியில் விளக்கு மின்னும் அந்தக் கோபுரம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். உலகத்தின் பணம் புரளும் இடத்தை இரவு முழுக்க ஜன்னலில் பார்த்துக்கொண்டு, மின்சார மீட்டருக்குப் போடக் காசில்லாமல் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அங்கே உங்களுக்கும் வேலை இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் பாடினார்கள். 2012 ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஸ்ட்ராட்போர்டில் டிஸ்ஸி ராஸ்கல் பாடியதை நாமும் குடும்பத்தோடு ரீவியில் பார்த்துக் கைதட்டினோம். அதே ஒலிம்பிக்கைச் சாட்டிச் சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறி, பழைய ஆட்கள் ரொம்ஃபோர்ட் தாண்டிப் போய்விட்டார்கள். நம் ஆட்களிலும் எத்தனை குடும்பம் போனது! கேனோ 2016இல் வெளியிட்ட மேட் இன் த மேனர் ஆல்பத்தைக் கேளுங்கள். தான் வளர்ந்த மேனர் ரோட்டு வீட்டை, வெயில் நாளில் எல்லோரும் கூடிய தெருவை, பேச்சை விட்டுப்போன உறவுகளை நினைத்துப் பாடுகிறார். புலம்பெயர்ந்தவன் வீட்டை நினைப்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டாப் பாய் தொடரில் சல்லியாக நடித்தவர் இவர்தான். நெட்பிளிக்ஸில் நம்மில் பலர் இரவிரவாகப் பார்த்தோமே, அதே ஆள்.

இந்தப் பாட்டு அரசியல் பேசாது என்று நினைக்கவேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் மேல்வகுப்பில் தொடர வாரம் 30 பவுண் வரை கொடுத்த உதவித்தொகையை 2010இல் அரசு நிறுத்த முடிவு செய்தது. பல்கலைக்கழகக் கட்டணத்தை 9,000 பவுண் வரை ஏற்றும் வாக்கெடுப்பு அந்த டிசம்பர் 9ஆம் தேதி. நாடாளுமன்றத்தின் முன்னால் எதிர்ப்புத் தெரிவித்து, பொலிஸ் வளைத்து அடைத்த மாணவர் கூட்டத்துக்குள் ஓடிய பாட்டு லீதல் பிஸிலின் பௌ. கூட்டம் கட்டுமீறும் என்று ஒரு காலத்தில் கிளப்புகளே தடைசெய்த பாட்டு அது. 2017 ஜூனில் கிரென்ஃபெல் கட்டடத் தீயில் 72 பேரின் உயிர் போனது. அடுத்த ஆண்டு பிரிட் விருது மேடையில் ஸ்டோர்ம்ஸி, நேரலையில், அந்தக் குடும்பங்களுக்கான பணம் எங்கே என்று பிரதமரைப் பெயர் சொல்லிக் கேட்டார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் கறுப்பின மாணவர்களுக்குத் தன் பெயரில் உதவித்தொகையும் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள், தெரியும்.

சரி, கெட்டதே இல்லையா என்றால், இருக்கிறது. பெண்களைக் கேவலமாகப் பேசும் வரிகள் நிறையவே உண்டு. பெண் பாடகிகளே அதை எதிர்த்துப் பாடியிருக்கிறார்கள். கத்தி, துப்பாக்கி என்று வெறும் வாய்வீச்சும் உண்டு. வைலியின் இசையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். 2020இல் யூதர்களைப் பற்றி அவர் ட்விட்டரில் கொட்டிய வெறுப்பு மன்னிக்கக்கூடியதல்ல. அவருக்குக் கொடுத்த எம்பிஈ பட்டத்தையும் பிறகு பறித்துவிட்டார்கள். பிள்ளை எதைக் கேட்கிறது என்று பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு முதலில் கூட இருந்து கேட்கவேண்டுமே.

பாட்டுத்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அதே 2000களில் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் நம் பெடியள் குழு குழுவாகக் கத்தியும் வாளும் கொண்டு மோதினார்களே, மறந்துவிட்டோமா? தமிழ்க் குழுக்களைச் சமாளிக்க லண்டன் பொலிஸ் தனி நடவடிக்கையே தொடங்கியது. அந்தக் கார்களில் ஓடியது சினிமாப் பாட்டு. சினிமாவைத் தடைசெய்யுங்கள் என்று நாம் யாரும் வாட்ஸ்அப்பில் போடவில்லை (அப்போது வாட்ஸ்அப் இல்லை என்பது வேறு விஷயம்). போரில் பட்டதைச் சொன்னோம், தகப்பன் இல்லாத வீட்டைச் சொன்னோம், இரண்டு வேலை பார்த்த தாயைச் சொன்னோம், பள்ளிக்கூடம் கைவிட்டதைச் சொன்னோம். எல்லாம் உண்மைதான். அந்த நியாயம் கறுப்பினப் பிள்ளைக்கும் உண்டா இல்லையா? வீட்டுக்குள் அவர்களைக் குறிக்க நாம் சொல்லும் சொல்லை இங்கே எழுத விரும்பவில்லை. அறிவித்தலுக்கு அடியில் விழுந்த பதில்களில் அந்தச் சொல் இரண்டு இடத்தில் இருந்தது. பிள்ளைகளும் அந்தக் குழுவைப் பார்க்கிறார்கள்.

தென் லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் கவுன்சில் வீட்டில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்தபோது நம்மவர்கள் பெருமைப்பட்டார்கள். 2005இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதிலும் இந்தத் தெருக்களின் சத்தம்தான்.

இப்போது பொலிஸ் பக்கம் வருவோம். 2005இலிருந்து லண்டன் பொலிஸிடம் படிவம் 696 என்று ஒன்று இருந்தது. இசை நிகழ்ச்சி வைப்பவர் பாடகர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். என்ன வகை இசை என்ற கேள்வியும், ஆரம்ப வடிவத்தில் எந்த இனத்தவர் வருவார்கள் என்ற கேள்வியும் அதில் இருந்தன. நடைமுறையில் கிரைம் நிகழ்ச்சிகள் கடைசி நிமிடத்தில் ரத்தாகின. சொந்த ஊரில் மேடை கிடைக்காத பிள்ளைகள் யூடியூப்பில் ஏறினார்கள். ஸ்கெப்டா 2014இல் 80 பவுண் செலவில் எடுத்த ஒரு பாட்டு வீடியோ விருது வாங்கியது. இரண்டு ஆண்டில் மெர்குரி பரிசும் அவர் கைக்கு வந்தது. 2017 நவம்பரில் அந்தப் படிவத்தைக் கைவிட்டார்கள். நம் பள்ளியின் அறிவித்தலைப் படித்தபோது எனக்கு அந்தப் படிவம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் சந்தேகம் இடம் மாறிக்கொண்டதே தவிரப் போகவில்லை. கிரைமுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையான டிரில் இசை பிரிக்ஸ்டன் பக்கம் வளர்ந்தது. 2019 ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவருக்கு ஒன்பது மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. நீதிமன்றத் தடையை மீறி ஒரு பாட்டைப் பாடியதற்கு! 2021 ஜூனிலிருந்து ஓராண்டில் டிரில் பாட்டுகள் தொடர்பாக லண்டன் பொலிஸ் சமூக வலைத்தள நிறுவனங்களுக்கு அனுப்பிய கோரிக்கைகள் 286. அவற்றால் 255 பதிவுகள் நீக்கப்பட்டன. கொலை வழக்குகளில் பிள்ளைகள் எழுதிய வரிகளை ஜூரிக்கு வாசித்துக் காட்டி, இவன் குழுவைச் சேர்ந்தவன், இதுதான் இவன் மனநிலை என்கிறார்கள். வரிகளுக்குப் பொருள் சொல்வது பல வழக்குகளில் ஒரு பொலிஸ் அதிகாரி.

அந்த ஜூரியில் உட்காரப்போவது யார்? வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து, வயது 18க்கும் 75க்கும் இடையில் என்றால் உங்களுக்கும் கடிதம் வரலாம். எனக்குத் தெரிந்தவர்கள் பலர் போய் வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருக்கும்போது, கூண்டில் பதினேழு வயதுக் கறுப்பினப் பிள்ளையோ நம் பிள்ளையோ நிற்கும்போது, இந்த வகைப் பாட்டை வாழ்க்கையில் முதல் தடவையாக அரச வழக்கறிஞர் வாயிலிருந்து கேட்கக்கூடாது என்பதுதான் என் கவலை. அதில் எது வாய்ச்சவடால், எது அழுகை என்று முன்பே கொஞ்சம் காது பழகியிருக்கவேண்டும்.

பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதையும் பாருங்கள். 2010க்கும் 2019க்கும் இடையில் லண்டனின் இளைஞர் மன்றங்களில் ஏறக்குறைய 30 சதவீதம் மூடப்பட்டன. ஐ.எப்.எஸ். ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, மன்றம் மூடிய இடங்களில் 10 முதல் 17 வயதினர் குற்றத்தில் இறங்கும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது என்கிறது; பரீட்சைப் பெறுபேறுகளும் இறங்கின. மைக் இருந்த அறையைப் பூட்டிய பிறகுதான் இந்தக் கணக்கு.

நம்மிடம் மண்டபங்கள் இருக்கின்றன. சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பல பூட்டித்தான் கிடக்கின்றன. நான் கேட்பது அதிகமில்லை. அறிவித்தலைத் திரும்பப் பெறுங்கள். அந்தப் பெடியனைக் கலைவிழாவில் பாடவிடுங்கள். நடனங்களுக்கு நடுவில் மூன்று நிமிடம் கிடைக்காமல் போகாது. வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டரை வரை ஒரு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலகை மாட்டவேண்டாம், பக்கத்து வீட்டுச் சோமாலியப் பிள்ளையும் ஜமைக்காப் பிள்ளையும் வரட்டும். ஒரு பழைய மடிக்கணினி, ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர் நான் கொண்டுவருகிறேன். அயலவர்கள் முறையிடாதபடி சத்தத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெற்றோர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான பொலிஸ் பின்னணிச் சான்றிதழ் எங்கள் மூவரிடமும் இருக்கிறது. முடிந்ததும் கதிரைகளை அடுக்கி, தரையைத் துடைத்து, பூட்டிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

பொதுக்குழு கூடித்தான் முடிவெடுக்கவேண்டும் என்றால் திகதியைச் சொல்லுங்கள், வந்து பேசுகிறோம். பெடியனையும் கூட்டிவருகிறேன்.

அன்புடன்,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு தகப்பன்